அவசரத்துக்கு வைத்த பேட்டரி

மின்சாரம் போன இரண்டாம் நாள் காலையில் அவள் முக்காலியைச் சமையலறைச் சுவரோரம் இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினாள். அடுப்புக்கு நேர் மேலே இருந்த பலகையில், பொத்தான் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பெட்டிக்குள் பழைய பஞ்சுத் துணி, துணிக்குள் லேப்டாப்பின் மாற்று பேட்டரி. பதினான்கு மாதமாக அவள் அதைத் தொடவே இல்லை. தொடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. வெளியே மழை விட்டபாடில்லை. ஆனாலும் பெட்டியைக் கையில் எடுத்ததும் அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. இனி இரண்டு மணி நேரம் அவர் பேசலாம்.

துணியைப் பிரித்தாள். பேட்டரியின் ஒரு பக்கம் வயிறு தள்ளியிருந்தது. ஓரத்தில் தையல் விட்ட மாதிரி பிளாஸ்டிக் பிளந்து நின்றது. மூக்கருகே கொண்டுபோனால் நகப்பூச்சு வாடை. ஈரத்தில் கொஞ்சம் ஊதியிருக்கும், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினாள்.

அவள் புருஷனை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை வாய் ஓயாமல் பேசுவதுதான் அவர் தொழில். கிளட்சை மிதி, கண்ணாடியைப் பார், முன்னால் போகிற சைக்கிள்காரன் உன் சொந்தக்காரன் என்று நினைத்துக்கொள். வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் நிற்காது. அப்புறம் நரம்பில் ஒரு வியாதி வந்தது. முதலில் காலை எடுத்துக்கொண்டது, பிறகு கையை, பிறகு தொண்டையை. மூச்சுக்காகத் தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். சாப்பாட்டுக்கு வயிற்றில் இன்னொரு குழாய். மிச்சம் இருந்தது வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு துளி அசைவும், இரண்டு கண்களும்தான். வலி மட்டும் ஒரு இடம் விடாமல் முன்போலவே தெரியும்.

அந்த விரலுக்கு அடியில் ஒரு ஸ்விட்சை ஒட்டிவைத்து, அதை லேப்டாப்பில் இணைத்துக் கொடுத்தவன் தெரிந்த ஒரு லேப்டாப் மெக்கானிக். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக ஒளிர்ந்துகொண்டே போகும். வேண்டிய எழுத்து வரும்போது விரலை அழுத்த வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு மூன்று நிமிடம், நான்கு நிமிடம் ஆகும். முடித்ததும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல் அதை வாசித்துக் காட்டும். அந்தக் குரலில் மாஸ்டர் வீட்டுக்கு வரும் நர்ஸைக் கிண்டல் செய்வார், மழை வருகிறதா என்று கேட்பார், அவள் தைத்த சட்டையில் காலர் கோணல் என்பார். பழைய லேப்டாப்தான். ஆனால் அந்த எழுத்து வேலை அதில் மட்டும்தான் ஓடியது.

மெக்கானிக் இரண்டு பேட்டரி கொடுத்திருந்தான். கொடுக்கும்போதே தெளிவாகச் சொன்னான். இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒன்றைச் சும்மா வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள். நிரப்பியும் வைக்கக் கூடாது, காலியாகவும் விடக் கூடாது. சூடு படாத இடமாக இருக்கட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவள் இதையெல்லாம் அளவு நோட்டில், யாரோ ஒருவருடைய தோள் அளவுக்குக் கீழே, எழுதியே வைத்தாள். ஆனால் அந்தப் பாதி என்பது மட்டும் அவளுக்கு மனசில் ஒட்டவில்லை. அவசரத்துக்கென்று ஒன்றை வைக்கும்போது யாராவது பாதியாக வைப்பார்களா? ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டு, நிரம்ப நிரம்ப ஏற்றி, துணியில் சுற்றி, வீட்டிலேயே ஈரம் எட்டாத இடம் அதுதான் என்று அடுப்புக்கு மேலே வைத்தாள்.

மாஸ்டர் சும்மா இருக்கவில்லை. ஓடாத வண்டியில் பேட்டரி செத்துப்போகும், அதை எடுத்து மாத்திப் போடு என்று மூன்று தடவையாவது சொன்னார். அவள் அது அவசரத்துக்கு என்று ஒரே பதிலாகச் சொல்லிவிட்டாள். அவசரம் வருவதற்குள் அதற்கு வயசாகிவிடும் என்று தகரக் குரல் சொன்னது. அவள் சிரித்துவிட்டுத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

இப்போது லேப்டாப்பைக் கவிழ்த்து, ஓடுகிற பேட்டரியைக் கழற்றி, மாற்று பேட்டரியைப் பள்ளத்தில் வைத்தாள். உட்காரவில்லை. உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அப்புறம் முழங்காலைக் கொடுத்து அழுத்தினாள். மாஸ்டர் கண்களை இறுக மூடித் திறந்தார், மறுபடி மூடினார். கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், மூடினால் இல்லை. அதுதான் அவர்களுக்குள் கணக்கு. அவர் வேண்டாம் வேண்டாம் என்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. இருங்க, உட்காந்துடும் என்று சொல்லிக்கொண்டே ஒரு மாதிரி திணித்துவிட்டாள். பொத்தானை அழுத்தினாள். ஒரு விளக்கும் எரியவில்லை. பத்து தடவை அழுத்தியிருப்பாள்.

உப்பின பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய் அதே பலகையில், அதே பெட்டியில் வைத்தாள். கை அதற்குப் பழகியிருந்தது. பழைய பேட்டரியை மறுபடி பொருத்திப் பார்த்தபோது பத்தொன்பது சதவீதம் காட்டியது. அதுவும் பதினான்கு மாதமாகச் சுவரிலேயே செருகிக் கிடந்து இளைத்துப்போனது. பத்தொன்பது என்று சொல்லும், கண்ணை மூடித் திறப்பதற்குள் பத்துக்கு வந்துவிடும். முதல் நாள் மின்சாரம் மத்தியானத்துக்குள் வந்துவிடும் என்று நம்பி இரண்டு பேரும் கண்டபடி பேசித் தீர்த்திருந்தார்கள். அவள் லேப்டாப்பை அணைத்து மூடி வைத்தாள்.

சார்ஜுக்கு அவள் அலையாத இடம் இல்லை. கீழ்த்தளத்துப் பல் ஆஸ்பத்திரியில் இன்வெர்ட்டர் உண்டு, ஆனால் அது தண்ணீருக்குள் கிடந்தது. வாசலில் நின்ற கார்களுக்குக் கண்ணாடிவரை தண்ணீர். போன் முதல் நாள் சாயங்காலமே உயிரை விட்டிருந்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர் பழுப்பாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் மாஸ்டரின் முகம் வேர்த்துக் கிடந்தது. நெற்றியில் கை வைத்தாள், சுட்டது. வலிக்குதா என்று கேட்டதும் கண்கள் மேலே போயின. தலையா, நெஞ்சா, வயிறா, முதுகா என்று வரிசையாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் கண் மூடிக்கொண்டது. காலா என்றதும் மேலே தூக்கினார். அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. கால் பிடித்து இழுப்பது அவருக்குப் புதிதில்லை. வாரம் ஒருமுறை வரும் நர்ஸ் தினமும் இரண்டு காலையும் நன்றாகத் தேய்த்துவிடச் சொல்லியிருந்தாள். போர்வையை விலக்கி இடது காலில் ஆரம்பித்தாள். வலது காலுக்கு வந்து இரண்டு இழுப்பு இழுத்ததும் அவர் கண்ணை இறுக்கி மூடினார். அப்போ காலில்லையா என்று கேட்டாள். மேலே தூக்கினார். காலா, இல்லையா? மூடினார், தூக்கினார், மூடினார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்கிற கேள்வி தப்பா, பார்க்கிற கண் தப்பா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேறு வழியில்லை. சுடுதண்ணீருக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். அது கண் விழிக்கவே நான்கு நிமிடம் ஆயிற்று. பத்தொன்பது இருந்த இடத்தில் பன்னிரண்டு. ஸ்விட்சை விரலுக்கடியில் சரிசெய்து, சீக்கிரம் சொல்லுங்க, எங்க வலிக்குது என்றாள்.

எழுத்துகள் ஒளிர்ந்து ஒளிர்ந்து போயின. அவர் விரல் தவறியது, அழித்தார், மறுபடி அழுத்தினார். திரையில் வந்தது இது: உப்பின பேட்டரி அடுப்பு மேல. வெளியே வை.

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எட்டு சதவீதம் இருந்தது.

"அது கெடந்துட்டுப் போகுது. உங்களுக்கு எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க."

அவர் விரல் அசையவில்லை. கண்கள் அவளைத் தாண்டி, திறந்த கதவு வழியாகச் சமையலறையையே பார்த்துக்கொண்டிருந்தன. பலகைக்குக் கீழே அடுப்பு நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அவருடைய பிடிவாதம் அவளுக்குத் தெரியும். கெஞ்சிப் பார்த்தாள், பயனில்லை. ஓடிப்போய் அடுப்பை அணைத்து, பெட்டியை எடுத்துப் பால்கனியில் மண் நிரம்பிய பூந்தொட்டிமேல் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு திரும்பி வந்தாள். ஐந்து சதவீதம்.

விரல் உடனே ஓட ஆரம்பித்தது. வலது என்று வந்தது. கால் என்று வந்தது. நான்கு. அவள் ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டு வாசித்தாள். தே. மூன்று. ய். அதோடு திரை கறுத்தது.

வலது கால் தேய்.

இதைச் சொல்லத்தானா இவ்வளவு பாடு என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நேரம் இடது காலில் தொடங்கியதுதான் தப்பு போலிருக்கிறது. எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். தேய்த்துவிடும்போது எப்போதும் சொல்வதையே அன்றைக்கும் சொன்னாள்.

"கண்ண மூடிக்கோங்க. நல்லாத் தேச்சு விடறேன்."

அவர் கண்ணை மூடினார். இறுக மூடினார். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை, பலம் கொண்ட மட்டும் நீவிவிட்டாள். திறந்து பார்த்தார், மறுபடி இறுக மூடினார். சுகமாக இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு இன்னும் அழுத்தினாள். ஐந்து நிமிடம் இருக்கும், ஆறு நிமிடம்கூட இருக்கலாம்.

நிறுத்தியது அவள் மூளை இல்லை, கைதான். முப்பது வருஷமாகத் துணியையும் உடம்பையும் அளந்த கை. வலது ஆடுசதை கைக்குள் அடங்க மறுத்தது. இடதைப் பிடித்துப் பார்த்தாள், அடங்கியது. கழுத்தில் தொங்கிய டேப்பை இழுத்து இரண்டையும் அளந்தாள். இடது இருபத்தொன்பது சென்டிமீட்டர், வலது முப்பத்துமூன்றரை. வலது கால் கொதித்தது. தோல் மினுமினுவென்று இழுத்துக் கட்டின மாதிரி இருந்தது. தேய் என்ற சொல்லுக்குப் பின்னால் இன்னும் எழுத்துகள் இருந்திருக்கலாம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"தேய்க்கக் கூடாதா?"

கண்கள் மேலே போய் அங்கேயே நின்றன. அவை நிரம்பி, இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தன. அவரால் துடைத்துக்கொள்ள முடியாது. எண்ணெய்க் கையோடு அவளாலும் துடைக்க முடியவில்லை. கட்டிலைவிட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றாள். அந்தக் கைகளை எங்கே வைப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு மாறியது. தொண்டைக் குழாயில் சீழ்க்கை மாதிரி, சின்னச் சின்னதாக, நிற்காமல் இழுத்தது. உதடு கருத்தது. சளி அடைத்திருக்கும் என்று மெல்லிய குழாயை உள்ளே விட்டு, காலால் மிதிக்கும் பம்பை மிதித்து உறிஞ்சினாள். கொஞ்சம்தான் வந்தது. மூச்சு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரி நான்கு தெரு தள்ளி. அவரை விட்டுவிட்டுப் போனால், நடுவில் சளி அடைத்தால், அவ்வளவுதான். போகாவிட்டாலும் அவ்வளவுதான். அவள் மாடிப்படி ஏறினாள்.

மேல்வீட்டில் கணக்கு வாத்தியார் தனியாக இருந்தார். டியூஷன் நேரத்தில் தையல் மெஷின் தலைக்குள் ஓடுகிறது என்று எட்டு மாதத்துக்கு முன்னால் சண்டை போட்டவர். அவளும் விட்டுக்கொடுக்காமல் நாலு வார்த்தை கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து படியில் எதிரே வந்தால் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொள்வார்கள். கதவைத் திறந்தவரிடம் அவள் சுருக்கமாகச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது.

"ரத்தத்தப் பாத்தா எனக்கு மயக்கம் வந்துடும்மா."

"ரத்தம் இல்ல சார். சளிதான்."

அதற்கும் அவர் எச்சில் விழுங்கினார். ஆனாலும் செருப்பைக்கூடப் போடாமல் அவளுக்கு முன்னால் இறங்கினார். குழாயை எவ்வளவு தூரம் விடவேண்டும், எப்படி மிதிக்கவேண்டும், பத்து விநாடிக்குமேல் உள்ளே வைத்திருக்கக் கூடாது என்று செய்து காட்டினாள். அவர் விரல்கள் நடுங்கின, எண்ணிக்கை மட்டும் நடுங்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வகுப்பில் சொல்கிற மாதிரி கணீரென்று எண்ணினார். அவள் மாஸ்டரின் காதருகே குனிந்து, போயிட்டு வந்துடறேன் என்றாள். அவர் கண்களைப் பார்க்கத் துணியவில்லை.

நான்கு தெருவைக் கடக்க ஒரு மணி நேரம் ஆனது. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு இடத்தில் கால் பள்ளத்தில் இறங்கித் தலைவரை நனைந்தாள். மார்பளவுக்கு ஏறியிருந்த தண்ணீரில், அவளுக்கு நினைவில் ஓடியதெல்லாம் தேய், தேய் என்ற ஒரு சொல்தான். ஆஸ்பத்திரி வாசலில் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. நூறு பேர் நின்ற கூட்டத்தில் யார் சட்டையைப் பிடித்தாள், என்ன சொன்னாள் என்பது பிறகு அவளுக்கே ஞாபகமில்லை. இடது இருபத்தொன்பது, வலது முப்பத்துமூன்றரை என்று அளவைத் திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது. அதைக் கேட்ட ஒரு இளம் டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். மூச்சு வாங்குதா என்று கேட்டாள். பிறகு ஒரு ஆளைக் கூப்பிட்டாள்.

ஆம்புலன்ஸ் அந்தத் தண்ணீரில் போகாது. ஜல்லி ஏற்றும் லாரி ஒன்று ஆட்களை மீட்டுக்கொண்டிருந்தது. அதில் ஏறி வந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்தபோது வாத்தியார் மண்டியிட்டு, சட்டையெல்லாம் நனைந்து, ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார். மாஸ்டருக்கு உயிர் இருந்தது. பெட்ஷீட்டோடு அள்ளிக் கீழே இறக்கினார்கள். லேப்டாப்பையும் சார்ஜரையும் பாலித்தீன் பைக்குள் போட்டு முடிச்சிட்டு, அதை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் லாரியில் ஏறினாள். வாத்தியாரும் ஏறிக்கொண்டார். வழி முழுக்க அவர்தான் பம்பை மிதித்தார்.

காலில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கிறது, அதில் ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டது என்று டாக்டரம்மா சொன்னாள். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டார்கள். நான்கு நாள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். அவள் இந்தப் பக்கம் பெஞ்சிலேயே கிடந்தாள். இரண்டாம் நாள் டாக்டரம்மாவைத் தனியாக நிறுத்திக் கேட்டாள். தான் தேய்த்ததால்தான் பிய்ந்ததா? டாக்டரம்மா தேய்த்திருக்கக் கூடாது என்றாள். தேய்க்காவிட்டாலும் போயிருக்கலாம் என்றாள். அதற்குமேல் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அவள் அன்றைக்கு முழுதும் அந்த இரண்டு வாக்கியங்களில் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் கிடந்தாள். முதலாவதுதான் அவளை விடவில்லை.

ஐந்தாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். கட்டிலுக்குப் பின்னால் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. லேப்டாப்பைச் செருகினாள். சிவப்பு விளக்கு நாலு தடவை மினுக்கிவிட்டு நின்றுபோனது. என்ன செய்தும் எழவில்லை. மாஸ்டர் கண்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தன. வார்டுக்கு வந்த பிறகு இரண்டு நாளாக அவர் முகத்தில் ஏதோ ஒரு சுளிப்பு. எங்கே என்று கேட்டால் கால் இல்லை, நெஞ்சு இல்லை, வயிறு இல்லை. ஆமாம் என்று சொல்லவைக்கும் கேள்வி அவளிடம் இல்லை.

அதற்குள் தெருவில் தண்ணீர் வடிந்திருந்தது. மெக்கானிக் கடைக்கு ஓடினாள். அவன் சேறு படிந்த கடைக்கு வெளியே நாற்காலிகளிலும் பெஞ்சிலும் லேப்டாப்களைப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தான். அவள் நடந்ததைச் சொன்னாள், அடுப்புக்கு மேலே வைத்ததையும் சொன்னாள். அவன் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஓடுற பேட்டரி அடிமட்டத்துக்குப் போயிருக்கு, அதான் எழுப்ப மாட்டேங்குது. அதக் கழட்டிட்டு நேரா சார்ஜர்ல போடுங்கக்கா, ஓடும். ஆனா பிளக் ஆடுனா போயிடும், பாத்துக்கங்க. உப்புனதத் தொடாதீங்க. நானே வந்து எடுத்துக்கறேன்."

அது தீப்பிடித்திருக்குமா என்று கேட்டாள். சிலது பிடிக்கும், சிலது சும்மா கிடக்கும், பார்த்துச் சொல்ல முடியாது என்றான். அது இன்னும் பூந்தொட்டிமேல் செங்கல்போல உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குப் போய் மாற்றுத்துணி எடுத்தபோது அவளே பார்த்திருந்தாள். இந்தக் கல்லுக்காகத்தான் அவர் ஏழு சதவீதத்தைச் செலவழித்தார். அந்த ஏழும் கையில் இருந்திருந்தால் அவர் சொல்லவந்ததை முழுதும் சொல்லியிருப்பார்.

வார்டுக்கு வந்து பேட்டரியைக் கழற்றி, சார்ஜரைச் செருகினாள். விளக்கு எரிந்தது, உடனே அணைந்தது. பிளக் பாயிண்ட் தொளதொளவென்று இருந்தது. கையால் ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்திப் பிடித்தால் எரிந்தது, விட்டால் போனது. ஒட்டுகிற டேப் அந்தச் சுவரில் நிற்கவில்லை. ஸ்விட்சை அவர் விரலுக்கடியில் வைத்துவிட்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து, பிளக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்து திரையும் தெரியாது, அவர் முகமும் தெரியாது. கட்டிலின் கால்களும், தொங்குகிற ஒரு போர்வை நுனியும்தான் தெரிந்தன.

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. அவர் விரல் முன்னைவிடத் தளர்ந்திருந்தது. பிறகு தகரக் குரல் தலைக்கு மேலே பேசியது. அடுத்த கட்டில்காரர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"இடுப்புக்குக் கீழ என்னமோ குத்துது. ரெண்டு நாளா."

அவள் பிளக்கை விட்டுவிட்டு எழுந்து, அவரை ஒருக்களித்துப் பிடித்துப் பார்த்தாள். ஊசியின் பிளாஸ்டிக் மூடி ஒன்று சதையில் புதைந்து கிடந்தது. எடுத்த இடத்தில் சிவப்பாக ஒரு பள்ளம். அந்த மூடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். இரண்டு நாள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

லேப்டாப் அணைந்திருந்தது. மறுபடி கீழே உட்கார்ந்து, மறுபடி பிடித்தாள். அது எழுந்து வருவதற்குள், சுவரைப் பார்த்தபடியே கேட்டுவிட்டாள். முகத்தைப் பார்த்து அவளால் கேட்டிருக்க முடியாது.

"ஏங்க, எதுக்கு அந்தப் பேட்டரியப் பத்திச் சொல்லி சார்ஜ வீணாக்குனீங்க? காலப் பத்தி முதல்ல சொல்லியிருக்கலாம்ல?"

பதில் வர ஏழெட்டு நிமிடம் ஆனது.

"அடுப்பு எரிஞ்சுட்டு இருந்துச்சு. நீ அங்கதான் நின்னு வேலை பாப்ப. கால் என்னோடது மட்டும்தான்."

அவள் பிளக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கை மரத்துக்கொண்டு வந்தது. நர்ஸ் ஒருத்தி வந்து, வேறு கட்டில் காலியானால் மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த கட்டில்காரர் மறுபடி படுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் அவள் கேட்டாள்.

"நான் தேச்சதாலதான் இப்படி ஆச்சா?"

"தெரியாது."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வாக்கியம் வந்தது.

"அப்போ உன்மேல கோவம் வந்துச்சு. கத்தணும் போல இருந்துச்சு."

அவளுக்கு அது வலித்தது. ஆனால் இந்த ஒரு வாரத்தில் யார் என்ன சொல்லியும் அடங்காத ஏதோ ஒன்று, அதைக் கேட்ட பிறகுதான் நெஞ்சுக்குள் கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்தது. இப்போதும் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றது குரல். பிறகு, கொஞ்சம் இருக்கு என்று திருத்தியது.

டாக்டரம்மா காலையிலேயே அவளிடம் சொல்லியிருந்தாள். நெஞ்சு ரொம்பவே தளர்ந்திருக்கிறது, இனி வீட்டிலும் ஆக்சிஜன் வேண்டும், விரல் இன்னும் எத்தனை மாதத்துக்கு அசையும் என்று சொல்ல முடியாது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கையில், மேலே விரல் ஸ்விட்சை அழுத்தும் சின்னச் சத்தம் மறுபடி கேட்டது. டிக். நீண்ட இடைவெளி. டிக். அடுத்த வாக்கியம் பெரியது போலிருக்கிறது. அவள் முதுகைச் சுவரில் சாய்த்து, மரத்துப்போன கைக்குப் பதிலாக மற்றக் கையைக் கொடுத்து, பிளக் ஆடாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.